மறு: பிளாஸ்டிக் ‘பெல்லெட்’ – துகளா, குருணையா, பரலா?

அன்பர்களுக்கு வணக்கம். பிளாஸ்டிக் பொருள்கள் செய்யும் ஆலைகளுக்கு மூலப்பொருளாகப் போகும் சிறு மணிகளை ஆங்கிலத்தில் ‘பெல்லெட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்ற நம் உரையாடலில் நீங்கள் எழுதியவற்றுக்கு என் மறுமொழி இது.

> நாளிதழ்கள் ஏற்கெனவே ‘பிளாஸ்டிக் துகள்’ என்றுதானே எழுதுகின்றன? அதுவே போதாதா?

போதாது. துகள் என்றால் தூசி, பொடி. நாம் பேசுவதோ 2 முதல் 5 மி.மீ. பருமன் கொண்ட, விரலால் பொறுக்கக்கூடிய பொருள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது அதில் இது ஏறத்தாழ 1,680 தொன் இருந்தது. நீர்கொழும்புப் பக்கக் கடற்கரைகளில் மணலை அரிதட்டில் அரித்துத்தான் பிரித்தெடுத்தார்கள். வெறும் துகள் அரிதட்டில் நிற்குமா? கொச்சிக்கு அப்பால் 2025 மே மாதம் எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபின் கன்னியாகுமரிக் கரைவரை வந்ததும் இதே பொருள்தான். இரு கரைக்கும் ஒரே சொல் வேண்டும்.

குருணை எனக்கும் பிடித்த சொல். ஆனால் அது உடைந்த அரிசி. வயலில் தூவும் குருணை மருந்தும் உண்டு. இது உடைந்து வருவதில்லை. மீள்சுழற்சி ஆலையில் கழுவிய பிளாஸ்டிக் சீவல்களை உருக்கி, இடியாப்பம்போல் இழையிழையாகப் பிழிந்து, தண்ணீர்த் தொட்டியில் ஆறவிட்டு, சீராக நறுக்குகிறார்கள். புதிய மூலப்பொருளும் இதே வடிவில்தான் மூட்டையில் வருகிறது.

> பரல் அழகான சொல். சிலம்புக்குள் இருப்பதும் அதுதான்.

அழகில் ஐயமில்லை. ஆனால் இலங்கையில் எண்ணெய், தண்ணீர் நிரப்பும் பீப்பாயைப் பரல் என்கிறோம். ‘பிளாஸ்டிக் பரல்’ என்றால் கிணற்றடியில் நிற்கும் நீலப் பீப்பாய்தான் நினைவுக்கு வரும். கப்பலிலிருந்து 1,680 தொன் பரல் என்று எழுதினால் செய்தியே மாறிவிடும்.

ஆகவே ‘குறுமணி’யை முன்மொழிகிறேன். வெறும் ‘மணி’ நேரத்தோடும் பாசிமணியோடும் குழம்பும். ‘குறு’ சேர்ந்தால் அந்தத் தொல்லை இல்லை. குறுமணியாக்கம், குறுமணி மூட்டை, குறுமணிச் சிதறல் என்று கூட்டுச்சொற்களும் இயல்பாக விழுகின்றன. 5 மி.மீ.க்கு உட்பட்ட எல்லாப் பிளாஸ்டிக் துணுக்குகளுக்கும் நுண்நெகிழி (மைக்ரோபிளாஸ்டிக்) பொதுப்பெயராக இருக்கட்டும். குறுமணி அதில் ஒரு வகை.

எந்தச் சொல்லானாலும் ஆலைச் சுவரில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம்:

“குறுமணி சிந்தினால் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். உடனே பெருக்கி அள்ளுங்கள். கிழிந்த மூட்டையை வெளியே அடுக்காதீர்கள். வடிகால் வலையை நாள்தோறும் பாருங்கள்.”

இதை வாசிக்கும் தொழிலாளிக்கு விளக்கம் தேவைப்படாது. அதுதான் முக்கியம். பாலித்தீன் குறுமணி தண்ணீரில் மிதக்கும். ஒரு மழைக்கு முற்றத்திலிருந்து கால்வாய்க்கும், அங்கிருந்து கடலுக்கும் போய்விடும். மீன்முட்டை என்று நினைத்துக் கடற்பறவைகளும் மீன்களும் விழுங்குகின்றன. சிந்திய இடத்திலேயே அள்ளினால்தான் உண்டு. கரையொதுங்கியதை அரித்தெடுக்கலாம்; கடலில் கலந்து கிடப்பதற்கு எந்த அரிதட்டும் உதவாது.

இன்னொன்றும் முடிவாக வேண்டும். நிறமேற்றுவதற்காகச் சேர்க்கும் ‘மாஸ்டர்பேட்ச்’சுக்கு ‘நிறக்குறுமணி’ சரிவருமா? நிறமல்லாத சேர்மானங்களும் அதே வடிவில் வருவதால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆலையில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.