பொருள்: 'நோயெதிர்ப்பு மூப்பு' எங்கள் ஊரில் செல்லுமா?

குழுவினருக்கு வணக்கம்.

வயதாக ஆக உடலின் நோயெதிர்ப்பு சீர்கெடுவதைச் சொல்லும் இம்யூனோசெனெசென்ஸுக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் 'நோயெதிர்ப்பு மூப்பு' என்று ஏறக்குறைய முடித்துவிட்டீர்கள். கேரளத்தில் தமிழ் பேசும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அதில் ஒரு சிக்கல். பக்கவாதம் வந்தவர்களின் வீட்டாருக்காக எழுதிய துண்டறிக்கையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் படித்துக் காட்டினேன். தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர், ஒன்றைக் காதோரம் ஆட்டிப் பார்த்தபடி, "மூப்பு வந்தா நல்லதுதானே?" என்றார். மலையாளத்தில் மூப்பு என்றால் காய் முற்றுவது. எங்கள் தமிழிலும் அது ஒட்டிக்கொண்டது.

சரி, 'தளர்ச்சி' என்று வைத்தால்? பாதிதான் சொன்னதாகும். பருவ வயதுக்குப் பிறகு தைமஸ் சுரப்பி சுருங்கிக் கொழுப்பேறுகிறது, அங்கே முதிரும் புதிய டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) குறைகின்றன. இது தளர்ச்சி. ஆனால் தொற்று எதுவும் இல்லாமலே லேசான அழற்சியும் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கிறது. மூளையில் ரத்தம் அடைபட்டுச் செத்த செல்களை அள்ள வேண்டிய மைக்ரோகிளியா என்னும் மூளைக் காவல் செல்களுக்கு, வயதானால் அள்ளுவதில் மந்தம், அழற்சியைத் தூண்டுவதில் வேகம். வேலைக்கு எழாமல் திண்ணையிலிருந்தே திட்டும் கிழவர் மாதிரி. (என் மாமனார் இந்தக் குழுவில் இல்லை.)

போதாததற்குப் பக்கவாதமே சில நாள் எதிர்ப்பை அமுக்கிவிடும். விழுங்கும்போது புரையேறினால் நிமோனியா. வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சல்கூட அடிக்காது.

என் பரிந்துரை: 'காப்புத் தடுமாற்றம்'.

*

> என் பரிந்துரை: 'காப்புத் தடுமாற்றம்'

தன்னுடலையே தாக்கும் நோய்களும் காப்பின் தடுமாற்றம்தானே அம்மா? அவை இளவயதிலும் வரும். வயது சொல்லுக்குள் இருக்க வேண்டும். செல்கள் வயதாகிப் பிரிவதை நிறுத்துவதற்கு 'செல் மூப்பு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது இதற்கு மட்டும் வேறு வழி எதற்கு? கனலும் பாதிக்கு 2000இல் ஃபிரான்செஸ்கி குழுவினர் 'இன்ஃப்ளமேஜிங்' என்று தனிச்சொல்லே தந்துவிட்டார்கள். அதை 'மூப்பழற்சி' என்போம். காய் எதுவும் அழற்சியில் முற்றாது.

*

மூப்பழற்சியை எடுத்துக்கொண்டேன் ஐயா, நன்றி. பட்டியலில் உங்கள் மூப்பும் இருக்கட்டும். துண்டறிக்கையில் மட்டும் 'முதுமைக் காப்புத் தடுமாற்றம்' என்று போட்டு நேற்று மறுபடி படித்துக் காட்டினேன். அக்கா தேங்காயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ படுக்க வச்சு வெள்ளம் (தண்ணீர்) கொடுக்கக்கூடாது, இல்லியா?"