புதுப்பிப்பு: வைல் லூப்பும் மிகச்சிறிய நிலைப்புள்ளியும்

டினோட்டேஷனல் செமான்டிக்ஸில் (நிரலின் பொருளை ஒரு கணிதச் சார்பாகச் சொல்லும் முறை) வைல் லூப்பின், அதாவது ஒரு நிபந்தனை பொருந்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும் கட்டளையின், பொருளாக ஏன் மிகச்சிறிய நிலைப்புள்ளியையே (லூப்பின் சமன்பாட்டுக்கு ஒத்துப்போகும் சார்புகளில் மிகக் குறைந்த இடங்களில் மட்டும் விடை தருவதை) எடுக்கிறார்கள், ஏதாவது ஒன்று போதாதா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, விடை கிடைத்துவிட்டது. நிரூபணத்தை மூடிவைத்துவிட்டு, ‘எக்ஸ் பூஜ்யம் ஆகும்வரை ஒன்றைக் கழி’ என்ற லூப்பைக் கையால் போட்டுப் பார்த்தேன். அதன் சமன்பாடு இதுதான்: எக்ஸ் 0 என்றால் விடை 0; இல்லையென்றால் எக்ஸிலிருந்து ஒன்றைக் கழித்த எண்ணுக்கு என்ன விடையோ அதே விடை. எங்குமே வரையறுக்கப்படாத சார்பில் தொடங்கினால், முதல் சுற்றில் 0-க்கு மட்டும் விடை வருகிறது. அடுத்ததில் 0, 1. அப்புறம் 0, 1, 2. எத்தனை சுற்று போனாலும் -1-க்கு ஒன்றும் வராது. லூப்தான் அங்கே முடியாதே! ஆனால் எதிர்ம எண்களுக்கெல்லாம் விடை 7 என்று வைத்தாலும் சமன்பாடு ஒத்துப்போகிறது. அந்த 7 நிரலில் எங்குமே இல்லை, நானாகத் திணித்தது. மிகச்சிறியதில் அந்தத் திணிப்புக்கு இடமில்லை.

கணினி அறிவியலாளர் பிளாட்கின் 1981-இல் காட்டிய ஆபரேஷனல் வழியிலும் (நிரல் ஒவ்வொரு படியாக எப்படி ஓடுகிறது என்று எழுதும் முறை) எழுதினேன். எக்ஸ் -1-இல் தொடங்கினால்: -1, -2, -3 என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த இரண்டு வழிகளும் எப்போதும் ஒத்துப்போகும் என்ற நிரூபணம்தான் இன்னும் பாதியில் நிற்கிறது.