பள்ளித் தமிழ் இதழ்: ஒட்டியதும் எழுத்து உடைகிறது, பக்கமும் போதவில்லை

ஈசூன்_தமிழாசிரியை
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் உயர்நிலைப் பள்ளித் தமிழ் இலக்கிய மன்றத்துக்காக ஏ5 அளவில் 16 பக்க இதழ் அச்சிட வேண்டும். தமிழ்மொழி மாதம் என்பதால் ஏப்ரலில் வெளியீடு. 9 சிறுகதை (ஒவ்வொன்றும் 300 முதல் 400 சொல்), 13 கவிதை, கொஞ்சம் பள்ளிச் செய்தி கையில் இருக்கின்றன. கூகல் டாக்ஸில் ஒழுங்காகத் தெரியும் தமிழ், இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதும் சிதறுகிறது. 'கொ', 'கே' எல்லாம் கொம்பு தனியே, புள்ளி வட்டத்தோடு நிற்கின்றன. எல்லாப் படைப்புகளும் அடங்குமா? மாணவர் எழுத்தில் எவ்வளவு கைவைக்கலாம்?

அச்சுக்கோப்பாளர்
எழுத்துருவில் குறை இல்லை, ஆசிரியரே. இன்டிசைனில் எழுத்துகளை வரியாக அடுக்கும் சாதாரண பாராகிராஃப் கம்போசருக்குத் தமிழில் கொம்பை முன்னே நகர்த்தத் தெரியாது. பாராகிராஃப் ஸ்டைலைத் திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் 'அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று மாற்றுங்கள். ஸ்டைலிலேயே மாற்றுவது முக்கியம். ஒரு பத்தியில் மட்டும் மாற்றினால் அடுத்து ஒட்டுவது மறுபடி உடையும். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை 11 புள்ளி அளவிலும், வரி இடைவெளியை 16 புள்ளியிலும் வையுங்கள். இடைவெளி குறைந்தால் மேல்வரியின் 'கு', 'ழு' கீழ்வரியின் 'கி', 'கீ' மேல் இடிக்கும்.

இருபுறமும் சமன் செய்யாதீர்கள். தமிழ்ச் சொல் நீளம், ஏ5 வரியோ குறுகல். நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் ஒட்டியே போகட்டும். இன்டிசைனுக்குப் பதில் கேன்வா என்ற இணைய வடிவமைப்புக் கருவியில் செய்தால் எழுத்து இடைவெளியை 0இல் விடுங்கள். கூட்டினால் துணைக்கால் எழுத்தை விட்டு விலகி நிற்கும்.

இன்னொன்று: பிடிஎஃப் பார்க்கச் சரியாக இருந்தாலும், அதிலிருந்து நகலெடுத்தால் எழுத்து குழம்பி வருவதுண்டு. பள்ளி இணையப்பக்கத்துக்கு மூலக் கோப்பிலிருந்தே எடுங்கள்.

செம்பவாங்_வாசகி
22உம் அடங்காது. 15 மி.மீ. ஓரம் விட்டால் ஏ5 பக்கத்தில் ஏறத்தாழ 150 சொல்தான். மேலட்டை நான்கு பக்கம் போக உள்ளே 12. கதைகளை 300 சொல்லுக்குள் கொண்டுவந்தால் ஒன்றுக்கு 2 பக்கம். 4 கதைக்கு 8. பக்கத்துக்கு இரண்டாக 6 கவிதைக்கு 3. மிச்சம் 1 பக்கமும் பின்னட்டையின் உட்புறமும் செய்திக்கு. முன்னட்டையின் உட்புறத்தில் பொருளடக்கம். ஆக 10 படைப்புதான். இதற்கு மேல் திணித்தால் எழுத்தைச் சிறிதாக்கத் தோன்றும், அதைச் செய்யவே வேண்டாம்.

நடுவில் கம்பி தைக்கும் இதழ் என்றால் பக்கம் 4, 4 ஆகத்தான் கூடும். 18 பக்கம் என்று அச்சகத்தில் கேட்டால் 20 ஆக்கச் சொல்வார்கள். அந்த 4 பக்கத்தில் இன்னும் ஒரு கதை, 4 கவிதை சேரும். மீதியை வகுப்பறைச் சுவரிதழில் போடுங்கள். எழுதிய பிள்ளை தன் பெயரை எங்காவது பார்க்க வேண்டும்.

மார்ச்சில் ஒரு வாரப் பள்ளி விடுமுறை குறுக்கே வரும். அதற்கு முன்பே கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டால் நிம்மதி. படங்கள் பக்க விளிம்பைத் தொட்டால் நாலாபுறமும் 3 மி.மீ. கூடுதல் விட மறக்காதீர்கள்.

புளோக்_நூலகம்
திருத்தம் பற்றி. பிழையைத் திருத்துங்கள், குரலைத் திருத்தாதீர்கள். கதையில் பாட்டி "என்னடா, இன்னும் கோப்பிக்கடைல என்ன வேல?" என்று கேட்டால் அப்படியே விடுங்கள். அதை "இன்னும் காப்பிக் கடையில் என்ன வேலை?" என்று ஆக்கினால் பாட்டி போய்விடுகிறார், பாடநூல் வந்து நிற்கிறது. கதைசொல்லியின் நடை எழுத்துத்தமிழ், உரையாடல் பேச்சுத்தமிழ் என்ற ஒரு கோடு போதும்.

பிழைகளில் பெரும்பாலானவை தட்டச்சில் பிறப்பவை. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு விசையில் அடிப்பவர்களுக்கு ந/ன, ல/ள/ழ, ர/ற மாறும். தமிழ் எழுத்துகளுக்கே விசை தரும் தமிழ்99 விசைப்பலகையில் அது குறைவு. கண்ணுக்குத் தப்புவது ஔகாரம்: 'கௌரவம்' என்பதை எ-கொம்பும் ள-வும் சேர்த்து 'கெளரவம்' என்று அடித்திருப்பார்கள். மொத்தமாகத் தேடி மாற்றிவிடாதீர்கள். 'வெள்ளி', 'தெளிவு' எல்லாம் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். ஒற்றுக்கு மாணவர்களிடம் சிறு அட்டை கொடுங்கள்: அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, ஐ உருபு, கு உருபு. இவற்றின் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். பாதிச் சந்திப்பிழை இதிலேயே தீரும்.

கடைசி மெய்ப்பைத் தாளில் பாருங்கள். ஒருவர் உரக்கப் படிக்க, எழுதிய மாணவரே கையெழுத்துப் படியோடு ஒப்பிடட்டும். கையெழுத்துப் படி கேட்பதில் இன்னொரு பயன், இணையத்திலிருந்து எடுத்த கவிதை தானாக வெளியே வந்துவிடும்.

1950களில் சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசின் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றத்தில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பின்னாளில் இங்கே எழுத்தாளர்களானார்கள். முதல் அச்சில் தன் வரி தன் வரியாகவே வருவது அவ்வளவு பெரிய விஷயம்.

ஈசூன்_தமிழாசிரியை
மிக்க நன்றி. கம்போசரை மாற்றியதும் எழுத்து சேர்ந்துவிட்டது. செய்திப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தவை, மங்கலாக இருக்கின்றன.

செம்பவாங்_வாசகி
வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். பத்தி அகலம் 118 மி.மீ. என்பதால் அச்சுக்கான 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏறத்தாழ 1,400 பிக்சல் அகலம் வேண்டும். செய்தி 80 சொல்லுக்குள்: என்ன போட்டி, எந்த நாள், எங்கே, யார், என்ன செய்தார்கள். "சிறப்பாக நடைபெற்றது" என்பதை வெட்டிவிட்டு மாணவர் பேசிய தலைப்பைப் போடுங்கள். படத்துக்குக் கீழே பெயர்கள் இடமிருந்து வலம். பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வராத முகம் இருந்தால் வேறு படம் தேடுங்கள். மங்கலாக்கி ஒட்டினால் அந்தப் பிள்ளைக்குத்தான் வருத்தம்.