மூடி திறக்குமா, மாப்பிள்ளை?

டர்பன்:

மாடல் ரயில் வேகனில் நிஜமாகவே அசைகிற ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டு அதை யாரிடம் காட்டினீர்கள், அவர் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தீர்கள். என் கதை கொஞ்சம் நீளம்.

நான் செய்வது 1:64 அளவு, அதாவது நிஜத்தில் 64இல் ஒரு பங்கு. நம் தென்னாப்பிரிக்க ரயில் பாதையின் அகலம் 1067 மி.மீ. அதை 64ஆல் வகுத்தால், கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஏறக்குறைய சரியாக உட்கார்ந்துவிடும். 1:87இல் செய்தால் அதே தண்டவாளம் நாலு மி.மீ. கூடுதல். வண்டி காலை அகட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். பலருக்கு அது பரவாயில்லை, எனக்குக் கண்ணை உறுத்தும்.

போன தீபாவளிக்கு என் மனைவியின் பெரியப்பா சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருந்தார். எண்பது தாண்டியவர். டர்பன் யார்டில் வேகன்களுக்கு எண்ணெய் விட்டவர். நான் பெருமையாக எடுத்துக் காட்டியது முதல் வகுப்புப் பெட்டியை. உள்ளே விளக்கு எரியும், கேபின் கதவுகள் நகரும். மூன்று மாத வேலை. ஜன்னல் வழியாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அழகா இருக்கு மாப்பிள்ளை. ஆனா உள்ளே எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? அது வெள்ளைக்காரங்க பெட்டி" என்றவர், பெட்டியைத் தலைகீழாகப் புரட்டினார்.

அடியில் நான் ஒன்றுமே செய்திருக்கவில்லை. வாங்கி மாட்டிய போகிகள் (சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்), அவ்வளவுதான். சக்கர அச்சின் முனையை மூடியிருக்கும் அச்சுப்பெட்டியை நகத்தால் தட்டிக் கேட்டார்: "இந்த மூடி திறக்குமா?"

அப்புறம் ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார். பழைய வேகன்களில் ரோலர் பேரிங் கிடையாது. அச்சின் முனைமேல் உலோகத் தாங்கி ஒன்று உட்கார்ந்திருக்கும். கீழே எண்ணெயில் ஊறிய பஞ்சு நூல். வண்டி நின்றதும் கொக்கியால் மூடியைத் திறந்து, விரலை விட்டுப் பஞ்சு ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் பெட்டி சூடேறிப் புகையும். கவனிக்காமல் விட்டால் அச்சே முறியும். "கண்ணுக்குத் தெரியறதுக்கு முந்தி மூக்குக்குத் தெரிஞ்சிரும்" என்றார். கார்டாகவோ டிரைவராகவோ ஆக நம் இந்தியர்களுக்கு வழி இல்லாத காலம். 1924இல் பிரதமர் ஹெர்ட்சாக்கின் அரசு கொண்டுவந்த 'நாகரிகத் தொழிலாளர்' கொள்கைக்குப் பிறகு, கூலி வேலைக்குக்கூட ஏழை வெள்ளையர்களைத்தான் ரயில்வே முதலில் தேடியது. மாமாவுக்குத் தெரிந்த ரயில் முழுக்க இடுப்புக்குக் கீழேதான்.

சரி என்று ஒரு சரக்கு வேகனை எடுத்தேன். மொத்தம் எட்டு மூடி, ஒவ்வொன்றும் நாலு மி.மீ. அகலம். 0.2 மி.மீ. பித்தளைத் தகடு, கீலுக்கு 0.3 மி.மீ. கம்பி. முதல் மூன்றும் பற்றவைக்கும்போதே ஈயம் கீலுக்குள் ஓடி இறுகிவிட்டன. கம்பியில் முதலிலேயே துளி எண்ணெய் தடவினால் ஈயம் அங்கே ஒட்டாது என்பது பிறகுதான் உறைத்தது. உள்ளே கறுப்பு மையில் நனைத்த நூல் வைத்தேன்.

மறுபடி வந்தபோது காட்டினேன். ஊசி முனையால் ஒரு மூடியைத் தூக்கினார். ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவியின் தையல் மெஷின் எண்ணெயை எடுத்துவரச் சொல்லி, ஊசியில் தொட்டு, உள்ளே ஒரு சொட்டு விட்டார். அது வழிந்து சக்கரத்துக்குப் போய், அங்கிருந்து தண்டவாளமெல்லாம் பரவி, அன்று சாயங்காலம் முழுக்க என் என்ஜின் வழுக்கிக்கொண்டே இருந்தது.

பீனிக்ஸ்:

என்னுடையது அசைகிற பொருள் இல்லை, எரிகிற பொருள். ரயிலின் கடைசியில் கார்டு உட்காரும் வேனின் பின்னால் சிவப்பு விளக்கு. சக்கரத்தில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் கண் சிமிட்டும், பார்க்கச் சகிக்காது. அதனால் மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவைக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால், அதைக் கொஞ்சம் சேமித்து வைக்க 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் வைத்தேன். எல்.இ.டி.க்கு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர். கெபாசிட்டருக்கு முன்னால் 100 ஓம் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அது மின்சாரத்தை ஒரேயடியாக இழுப்பதை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து டி.சி.சி. பெட்டி (தண்டவாளம் வழியாக மின்சாரமும் கட்டளையும் அனுப்பும் டிஜிட்டல் கருவி) அணைந்துவிடும். எனக்கு அணைந்தது.

லோட்ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் ஒரு நாள், ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. வீடே கும்மிருட்டு. அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் மெல்ல மெல்ல மங்கிப் பத்து வினாடிபோல நின்றது. என் சின்ன மகள், "அப்பா, கார்டு மாமா இன்னும் உள்ளேதான் இருக்காரு" என்றாள்.

உம்சிண்டோ:

எங்கள் பக்கம் உள்நாட்டுக்குப் போன பாதை இரண்டடி அகலம்தான். 1:64 அளவில் 9 மி.மீ. தண்டவாளம் அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். கரும்பு வேகன் செய்து, விளக்குமாற்று ஈர்க்கை நறுக்கி ஒழுங்காக அடுக்கி, அவிழ்த்தால் நிஜமாகவே சரிகிற மாதிரி நகைச்சங்கிலியால் கட்டியிருந்தேன். ஆயா, என் பாட்டி, பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது என்னடி, தீப்பெட்டிக் குச்சி மாதிரி அடுக்கியிருக்கே? கரும்பு வளையும், தோகை நீட்டிக்கிட்டிருக்கும்." பிரித்துப் போட்டு, ஈர்க்கை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, மறுபடி கட்டினேன். இப்போது கலைந்து கிடக்கிறது, சரியாக இருக்கிறது. சங்கிலி அவிழ்வதை ஆயா கவனிக்கவே இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

ஒரு எச்சரிக்கை மட்டும். நம் ஊர் வண்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளரின் வடிவத்துக்குக் கேடீ நிறுவனத்தின் மாடல் கப்ளர் நன்றாகப் பொருந்துகிறது, தண்டவாளத்தில் வைத்த காந்தத்தின்மேல் தானாகவே விடுபடும். ஆனால் எஃகு அச்சு போட்ட இலேசான வேகன், காந்தத்துக்குப் பக்கத்தில் தானே நகர்ந்து போய் அதன்மேல் நின்றுகொள்ளும். பேய் ஷன்டிங் (ஷன்டிங் என்றால் வேகன்களை இடம் மாற்றி நிறுத்துவது) என்று என் தம்பி கேலி செய்தான். அச்சைப் பித்தளைக்கு மாற்றிய பிறகு சரியாயிற்று.

டர்பன் நண்பரே, எட்டு மூடியும் திறக்குமா?

டர்பன்:

அஞ்சுதான். மற்ற மூன்றும் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும்படி நிறுத்தி வைத்திருக்கிறேன். மாமா இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை.