கோடைக்கால நீச்சல் தடாக அங்கத்துவம்: கட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கிளிநொச்சி, இரண்டு பிள்ளைகளின் தாய்

எங்கள் பக்கத்தில் உள்ள ஒரு நீச்சல் தடாகத்தில் கோடைக்கு மட்டும் குடும்ப அங்கத்துவம் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். மூத்தவளுக்குப் பத்து வயது, இளையவனுக்கு ஆறு. கணவர் கட்டலாம் என்கிறார். மாமியோ, “இவ்வளவு குளம் கிடக்கும் ஊரில் காசு கொடுத்துத் தண்ணீரில் இறங்குவதா?” என்று கேட்கிறார். எனக்கு இரண்டு பேச்சிலும் நியாயம் தெரிகிறது. கட்டியவர்கள், கட்டிவிட்டுப் போகாமல் விட்டவர்கள் எல்லோரும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். பெண்பிள்ளையை வைத்திருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

வவுனியா, மூன்று பிள்ளைகளின் தாய்

தங்கச்சி, இரண்டு கோடைகளாக நாங்கள் குடும்பமாகக் கட்டுகிறோம். உங்கள் மாமியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், அதைத்தான் எங்கள் வீட்டிலும் கேட்டார்கள்.

வன்னியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்பது மாரிக்குப் பொருந்தும். பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்து, வெயில் மண்டையைப் பிளக்கும் காலத்தில் குளங்கள் வேறு முகம் காட்டும். சிறுபோகப் பயிருக்குத் தண்ணீர் திறந்த பிறகு கரையோரம் வற்றிச் சேறாகிவிடும். கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். அதைத் தாண்டினால் அல்லித் தண்டும் தாமரைக் கொடியும். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குக் கிட்டே இழுவை. இவற்றை விட எனக்குப் பயம் கிரவல் அகழ்ந்துவிட்டுப் போன குழிகள்தான். மழைத் தண்ணீர் நின்று, மேலே பார்க்க ஒரு சின்னக் குட்டை மாதிரிக் கிடக்கும். ஓரத்தில் ஆழமே இல்லை என்று நம்பி இறங்கும் பிள்ளை அடுத்த எட்டில் தலைக்கு மேல் தண்ணீரில் நிற்கும். பிள்ளைகளை வீட்டிலேயே பூட்டி வைத்தாலும் என்றோ ஒரு நாள் கூட்டாளிகளோடு அங்கே போகத்தான் போகிறார்கள். அந்த நாளுக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். நான் காசு கட்டுவது அதற்காகத்தான்.

இப்போது காசுக் கணக்கு. மாதக் கட்டணம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் போனால் ஒரு நாளுக்கு 500 ரூபாய். வாரம் ஒரு நாள்தான் போக முடிகிறது என்றால் அதே தண்ணீருக்கு 1,500 ரூபாய் கொடுக்கிறீர்கள். கட்டுவதற்கு முன் பிள்ளைகளின் தனியார் வகுப்பு நேரசூசியை எடுத்து வைத்துக்கொண்டு, உண்மையில் எந்த நாட்கள் எஞ்சுகின்றன என்று பாருங்கள். புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வருடம் அங்கத்துவம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, பயிற்சி கட்டணத்துக்குள் வருகிறதா என்று கேளுங்கள். எங்கள் தடாகத்தில் முதல் கோடையில் அது வரவில்லை. பிள்ளைகள் ஆழமில்லாத பக்கத்தில் தண்ணீர் தெளித்து விளையாடிவிட்டு, பசியோடு வீடு வந்தார்கள். சந்தோசமாகத்தான் இருந்தார்கள், ஆனால் ஒருவரும் நீந்தப் பழகவில்லை. அடுத்த கோடையில் தனியாகப் பயிற்றுநருக்குக் கட்டினோம். இளையவளை அவர் மல்லாக்காகப் படுக்க வைத்து, பிடரிக்குக் கீழே இரண்டு விரல்களை மட்டும் கொடுத்துப் பிடித்திருந்தார். “வானத்தைப் பார், வயிற்றை மேலே தள்ளு, மூச்சை இழுத்து வை” என்று மூன்றே கட்டளைகள். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். காது தண்ணீருக்குள் போனதும் முகம் கோணியது, பிறகு மெல்ல விரிந்தது. விரல்களை அவர் எப்போது எடுத்தார் என்று அவளுக்கும் தெரியாது, கரையில் நின்ற எனக்கும் தெரியாது. மிதக்கப் பழகிய பிள்ளைக்குத் தண்ணீரில் பதற்றம் வருவதில்லை. கைகால் அடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு வரும் காரியம்.

பெண்பிள்ளை பற்றிக் கேட்டீர்கள். பெண்களுக்கான நேரம் தனியாக உண்டா, அந்த நேரத்தில் பெண் உயிர்காப்பாளர் இருக்கிறாரா, உடை மாற்றும் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். எங்கள் இடத்தில் பெண்கள் நேரம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் முன் நேரத்து ஆண்கள் கரையேறி, குளித்து, வெளியே போகும் வரைக்கும் நாங்கள் துவாயோடு வாசலில் நிற்போம். எங்கள் நேரத்தில் கால்வாசி அப்படியே போனது. தாய்மார் ஒன்றாகப் போய் முறையிட்ட பிறகுதான் இடைவெளி விட்டார்கள். பருத்திச் சுடிதாரோடு இறங்க விடுகிற இடம் என்றால் அது பெண்களுக்குச் செய்யும் சலுகை இல்லை. பருத்தி தண்ணீரைக் குடித்துக் காலைக் கீழே இழுக்கும். முழங்கை, கணுக்கால் வரை மூடுகிற நீச்சல் உடை இப்போது கடைகளில் கிடைக்கிறது. மகளுக்கும் எனக்கும் அதைத்தான் வாங்கினேன். ஆம், நானும் இறங்குகிறேன். குடும்ப அங்கத்துவம் என்று கட்டிவிட்டு, தாய் மட்டும் பையையும் செருப்பையும் காத்துக்கொண்டு வெயிலில் இருப்பது என்ன நியாயம்?

“வெயிலில் கறுத்துவிடுவாள்” என்று அம்மம்மாமார் சொல்வார்கள். கறுக்கட்டும்.

ஒட்டுசுட்டானுக்கு அருகில், தந்தை

அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதெல்லாம் நகரத்தில் இருப்பவர்களுக்குச் சரி. எங்களுக்குப் பஸ் வரும் நேரமும் தடாகம் திறக்கும் நேரமும் ஒத்துவராது. மோட்டார் சைக்கிளில் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நால்வராகப் போவது சட்டத்துக்கும் சரியில்லை, உயிருக்கும் சரியில்லை. ஓட்டோ பிடித்தால் போய்வரும் கூலி ஒரு நாள் டிக்கெட்டை விடக் கூட. நாங்கள் ஒரு மாதம் கட்டிவிட்டு நிறுத்திவிட்டோம். தூர இடத்தில் இருப்பவர்கள் அங்கத்துவத்தை மறந்துவிட்டு நாள் டிக்கெட்டில் போங்கள், பயிற்சிக்கு மட்டும் செலவழியுங்கள்.

எங்கள் வயதுக்காரர் முத்தையன்கட்டுக் குளத்தில் பழகினோம். பழக்கியவர் அப்பப்பா. இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு அலைகரையில் நிற்பார். அப்படிப் பொறுமையாக நிற்கக்கூடிய ஒரு பெரியவர் இன்று எத்தனை வீடுகளில் இருக்கிறார்? போர் முடிந்த 2009-க்கு முன்னும் பின்னும் இடம்பெயர்ந்தும் முகாமிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கயிறு பிடிக்க யாரும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் இன்று தாய் தகப்பன். தங்களுக்குத் தெரியாததை அவர்கள் எப்படிப் பழக்குவார்கள்? அதனால் தடாகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பாடசாலைகளுக்கு எட்டும் தூரத்தில் ஒன்று வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

முல்லைத்தீவுக் கரையோரம்

நாங்கள் கடற்றொழில் குடும்பம். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் அம்மா, வீட்டுப் பிள்ளைகளைக் கடலில் இறங்க விட்டதே இல்லை. தகப்பன் வள்ளத்தில் போவார், மகனுக்கு நீந்தத் தெரியாது. கரையோரத்தில் இப்படிப் பல வீடுகள் உண்டு. தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954-லும், வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-லும் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார்கள். ஆனந்தன் போனதோடு நிற்காமல் திரும்பியும் நீந்தி வந்தார், 51 மணி நேரம். அப்படிப்பட்ட கடலோரத்து மக்கள் நாங்கள்.

மகனைத் தடாகத்தில் சேர்த்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது கடல் இல்லையே. முதல் நாள் அவரும் கூட வந்து, தரை தெரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் அவனை இறங்க விட்டார். எங்களுக்கு அங்கத்துவம் தந்த பெரிய பயன் அதுதான். பயந்துபோன ஒரு வீடு மறுபடியும் தண்ணீரோடு பழகிக்கொண்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தடாகத்தில் பழகியவன் கடலை வென்றுவிட்டதாக நினைக்கக்கூடாது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் நேரே கரையைப் பார்த்து நீந்தினால் களைத்துப் போவார்கள். கரைக்குச் சமாந்தரமாக, பக்கவாட்டில் நீந்தி அந்த இழுவையை விட்டு விலகிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, எங்கள் கடலில் குளிக்கவே இறங்க வேண்டாம்.

மன்னார் வீதி, நீச்சல் பயிற்றுநர்

தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சில விடயங்கள். காசு கட்டும் முன் ஒரு தடவை சும்மா போய், தடாகத்தின் ஆழமான பக்கத்தில் நின்று பாருங்கள். அடித்தரையில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அடியில் கிடக்கும் பிள்ளையும் தெரியாது. அந்த இடத்தில் கேள்வி எதுவும் கேட்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

குளோரின் வாடை அடித்தால் தண்ணீர் சுத்தம் என்று பெற்றோர் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். மாறித்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போதுதான் அந்தக் காரமான வாடை வருகிறது, கண் எரிகிறது. இறங்கும் முன் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வைக்கிற இடம் நல்ல இடம். குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 என்ற அளவில் இருக்க வேண்டும். வெயில் குளோரினைத் தின்றுவிடும். கூரையில்லாத தடாகத்தில், நமது கோடையில், காலையில் மட்டும் பார்த்தால் போதாது. அளந்து எழுதும் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர் தயங்காமல் காட்டுவார்.

ஆறு வயது மகன் என்று முதலில் எழுதிய தாய்க்கு: அது நல்ல வயது. பாடசாலை வயதில், ஆறு வயதுக்குப் பிறகு, பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் பழக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. 2021-ல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று அந்த நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். உயிர்காப்பாளர் இருக்கிறார் என்பதற்காகப் பெற்றோர் கைத்தொலைபேசியில் மூழ்கிவிடக்கூடாது. மூழ்குகிற பிள்ளை கத்தாது. கத்துவதற்கு மூச்சு இருக்காது. சின்னப் பிள்ளை எப்போதும் உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கரையேற்றிய ஒருவருக்கு மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எதுவும் வேண்டாம். நேரம்தான் போகும். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். அதே நேரம் இன்னொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். இதைப் பெற்றோருக்கும் ஒரு நாள் மாலையில் செய்து காட்டுகிற தடாகம் என்றால் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் அங்கேயே கட்டுங்கள்.

லண்டனில் இருந்து, கோடை விடுமுறைக்கு ஊர் வருபவர்

இங்கிலாந்தில் ஆரம்பப் பாடசாலை முடிக்கும் முன் பிள்ளை 25 மீற்றராவது நீந்த வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. என் பிள்ளைகள் அப்படித்தான் பழகினார்கள். ஊருக்கு வரும்போது உடுப்பும் சொக்லேற்றும் கொண்டு வருவோம். போன முறை அந்தக் காசில் மச்சாளின் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கட்டணம் கட்டினேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை யோசியுங்கள்.

அக்கராயன், தந்தை

ஒட்டுசுட்டான் அண்ணா எழுதிய தூரப் பிரச்சினை எங்களுக்கும் இருந்தது. நாங்கள் அயலில் உள்ள சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு வான் பேசினோம். குடும்ப அங்கத்துவம் எடுக்கவில்லை. பிள்ளைகளை ஒரு குழுவாகச் சேர்த்து, செவ்வாயும் சனியும் காலையில் பயிற்சி மட்டும் என்று தடாகத்தோடு பேசினோம். தனித்தனியாகப் போயிருந்தால் அந்த விலைக்குத் தந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பெரியவர்கள் கூடப் போக வேண்டும், ஒருவர் கட்டாயம் பெண். நேரம் காலையில் எட்டு மணிக்கு முன். பிறகு தரை சுடத் தொடங்கிவிடும், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடி வழுக்கி விழுவார்கள். திரும்பி வரும்போது வானுக்குள்ளேயே அவித்த கடலையும் வாழைப்பழமும் கொடுத்துவிடுவோம். அந்தப் பசிக்கு வீடு வரை தாங்காது.

பிள்ளைகள் நீந்தப் பழகிய பிறகு இரணைமடுவுக்குக் கூட்டிப் போய் அணைக்கட்டில் நின்று தண்ணீரைக் காட்டினோம். நிறைந்தால் 36 அடி நிற்கும் குளம். இறங்க விடவில்லை. எங்கே முதலை படுக்கும், மிஞ்சிய தண்ணீரைத் திறந்துவிடும் வான்கதவுப் பக்கம் ஏன் போகக்கூடாது என்று குளத்து வேலை தெரிந்த ஒருவர் கைநீட்டிக் காட்டிச் சொன்னார். பயிற்சியில் கேட்டதை விட அதைப் பிள்ளைகள் கூர்ந்து கேட்டார்கள்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு வானில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கத்தில் யாராவது பிள்ளைகளை அனுப்புவதென்றால் எழுதுங்கள். பெண்பிள்ளைகள் என்றால் நல்லது, எங்கள் குழுவில் ஆண்பிள்ளைகள்தான் கூட.