சீட் பேக் ஆடுகிறது, டயரில் உரசுகிறது, எந்தப் பை வாங்கலாம்? (கொஞ்சம் அவசரம்)

மெதுமிதி:
வணக்கம். சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் கட்டும் 14 லிட்டர் சீட் பேக் புதிதாக வாங்கினேன். ஓட்டும்போது இடமும் வலமும் ஆடுகிறது. பின் டயரில் உரசி அடிப்பக்கம் தேய ஆரம்பித்துவிட்டது. ஸ்ட்ராப்பையெல்லாம் இழுத்துக் கட்டிப் பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். வேறு எந்தப் பை வாங்கலாம்? அதையே அலுவலகத்துக்கும் கொண்டுபோக முடிந்தால் நல்லது. லேப்டாப் உண்டு.

ஏழாம்கியர்:
என்ன சைக்கிள்? சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பிக்கும் டயருக்கும் நடுவே எத்தனை செ.மீ.? பைக்குள் என்னென்ன இருக்கிறது? படம் இருந்தால் போடுங்கள்.

எதிர்க்காற்று:
பையை மாற்றவே வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அடுக்குவதில்தான் கோளாறு. கனமான சாமான் சீட்டைத் தாங்கும் குழாயை (சீட் போஸ்ட்) ஒட்டி, பையின் குறுகிய மூக்குப் பக்கம் போக வேண்டும். ஸ்லீப்பிங் பேக்கை உறையோடு உருட்டி வைக்காதீர்கள், உள்ளே இண்டு இடுக்கு விடும். உறையைக் கழற்றிவிட்டு முஷ்டியால் குத்தித் திணியுங்கள். காற்றை வெளியேற்றிவிட்டு வாயை மூன்று நான்கு சுற்று சுருட்டி மூடுங்கள். பை கட்டை போல விறைத்து நிற்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஆடும்.

பழையசெயின்:
இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, தம்பி. முதலில் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பையை வாங்கிவிட்டு அப்புறம் சைக்கிளைப் பார்க்கிறீர்கள். பின்னால் ஒரு கேரியர், அதன் இரண்டு பக்கமும் தொங்கும் பேனியர் பைகள், முடிந்தது கதை. சீட்டில் மூட்டை தொங்கவிடுவதெல்லாம் படம் எடுத்துப் போடுவதற்குத்தான்.

மெதுமிதி:
எம்டிபி (மலைச் சைக்கிள்), 29 இஞ்ச் சக்கரம். இடைவெளி ஒரு சாண் இருக்கும். ஸ்லீப்பிங் பேக், துணி, டூல்ஸ், பவர் பேங்க். நன்றாகத்தான் அடுக்கியிருக்கிறேன்.

தூசிப்பாதை:
ஒரு சாண் என்றால் 22 செ.மீ. பக்கம். கொஞ்சம் நெருக்கடிதான், ஆனாலும் உரசக்கூடாதே. பின் சஸ்பென்ஷன் உண்டா? இருந்தால் சக்கரம் மேலே வரும்போது அந்த இடைவெளி பாதியாகிவிடும்.

எதிர்க்காற்று:
@பழையசெயின், டூர் டிவைட் பந்தயத்தில் கனடாவின் பான்ஃபிலிருந்து மெக்சிகோ எல்லை வரை ஏறத்தாழ 4,400 கி.மீ. ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் கட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்களும் படம் எடுக்கத்தான் போகிறார்களா? கல் பாதையில் கேரியர் போல்ட் தளர்ந்து நடுவழியில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது பேனியர் கெண்டைக்காலில் இடிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழையசெயின்:
அது பந்தயம். இவர் பந்தயத்துக்கா போகிறார்? போல்ட் மரை கழலாமல் பிடிக்கும் நூல்பசை (த்ரெட்லாக்) ஒரு சொட்டு விட்டு, வாரம் ஒருமுறை முடுக்கிப் பார்த்தால் தளராது. இதெல்லாம் அடிப்படை.

எதிர்க்காற்று:
40 லிட்டர் பேனியர் ஜோடியே 2 கிலோ வரும். கேரியர் வேறு. சாமான் வைக்கும் முன்பே அவ்வளவு கனம். எதிர்க்காற்றில் அகலப் பைகளை இழுப்பதை நான் சொல்லவே வேண்டாம், பெயரிலேயே இருக்கிறது.

பழையசெயின்:
சாயங்காலம் ஒரு சட்டை எடுக்க மொத்தப் பையையும் உருவிக் கொட்டும்போது அந்த 2 கிலோ அருமை தெரியும்.

ஏழாம்கியர்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்களேன். மெதுமிதி, எப்போது உரசுகிறது? குழியில் இறங்கும்போதா, எப்போதுமா?

மெதுமிதி:
பின் சஸ்பென்ஷன் இல்லை, முன்னால் மட்டும். இறக்கத்தில்தான் உரசுகிறது. சீட்டைக் கீழே இறக்கும்போது.

தூசிப்பாதை:
ஓட்டிக்கொண்டே இறக்குகிறீர்களா? லிவரைத் தட்டினால் சீட் ஏறி இறங்குமே, அந்த ட்ராப்பர் போஸ்ட்டா???

மெதுமிதி:
ஆமாம், 150 மி.மீ. இறங்கும். சைக்கிளோடு வந்தது.

தூசிப்பாதை:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம் சார்!

22 செ.மீ. இடைவெளியில் 15 செ.மீ. கீழே இறக்கினால் மிச்சம் 7. அதில் 14 லிட்டர் பை எங்கே போகும்? டயர் மேல்தான்.

ஆடுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ட்ராப்பரில் மேலே நீளும் குழாய் மெலிசு, பெரும்பாலும் 25 மி.மீ. அளவில்தான் இருக்கும், வழவழப்பு வேறு. வெல்க்ரோ அதில் பிடிக்காமல் சுற்றும். தூசி சேர்ந்தால் அந்த ஸ்ட்ராப் உப்புத்தாள் மாதிரி குழாயைத் தேய்க்கும், கீழே உள்ள சீலும் கெடும். ஸ்ட்ராப்பை முதலில் அவிழ்த்து, குழாயைத் துடைத்து, கீறல் விழுந்திருக்கிறதா பாருங்கள்.

இப்போதைக்கு வழி இரண்டு. பயணம் முழுக்க லிவரைத் தொடாமல் ஓட்டுவது ஒன்று. அப்படியானால் இதே பை போதும். குழாயில் பூட்டுகிற காலர் கிடைக்கிறது. வெல்க்ரோவை அதன் மேல் சுற்றினால் குழாய் தேயாது, சீட்டும் முழுதாக இறங்காமல் நிற்கும். ட்ராப்பர் கட்டாயம் வேண்டும் என்றால் அதற்கென்றே வரும் சின்னப் பைகளைப் பாருங்கள். வாங்கும் முன் சீட்டை முழுதாக இறக்கிவிட்டுக் கம்பியிலிருந்து டயர் வரை அளந்து பாருங்கள். அந்த 7 செ.மீ.தான் உங்கள் கணக்கு. அதில் உடை ஒன்றிரண்டுக்கு மேல் போகாது.

மீதிச் சாமானை முன்னுக்கு நகர்த்துங்கள். டூல்ஸ், பவர் பேங்க் எல்லாம் சட்டத்துக்கு நடுவே மாட்டும் ஃப்ரேம் பேக்கில், முடிந்த வரை பெடல் அச்சுக்கு அருகில். பாட்டில் இடம் போய்விடும், பக்கவாட்டில் உருவும் கூண்டு போட்டால் சமாளிக்கலாம். ஸ்லீப்பிங் பேக் ஹேண்டில்பாருக்கு. கட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள், பிரேக் ஹோஸ் மடங்கக்கூடாது. இன்னொன்று, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: முன் சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் காற்றை இறக்கி முழுதாக அமுக்கிப் பாருங்கள், டயர் பையைத் தொட்டால் பையை உயர்த்திக் கட்ட வேண்டும். அப்புறம் காற்றை மறக்காமல் பழைய அளவுக்கே ஏற்றுங்கள்.

எதிர்க்காற்று:
ட்ராப்பர் என்று தெரிந்திருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அடுக்கும் முறை எப்படியும் முக்கியம்.

பழையசெயின்:
கேரியர் போட்டிருந்தால் இவ்வளவு பேச்சு வேண்டாம். பேனியர் பக்கவாட்டில் தொங்கும், சீட் ஏறினாலும் இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை.

ஏழாம்கியர்:
அலுவலக விஷயத்தில் பழையசெயின் சொல்வது சரி. சீட் பேக்கில் லேப்டாப் நுழையாது, நுழைந்தாலும் வளையும். தினமும் அதைக் கழற்றி மாட்டுவதும் தலைவலி. ஒரே ஒரு பேனியர் போதும், ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் சைக்கிள் சாய்ந்துவிடாது. மாட்டுகிற கொக்கி உங்கள் கேரியர் குழாயின் தடிமனுக்குப் பொருந்துகிறதா பாருங்கள், லொடலொடவென்றால் அதிர்வு முழுக்க லேப்டாப்புக்குத்தான். அடியில் துண்டோ பழைய துணியோ மடித்து வையுங்கள். பேனியரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டுங்கள், இல்லையென்றால் குதிகால் இடிக்கும். உங்கள் சட்டத்தில் கேரியர் மாட்டும் துளை இருக்கிறதா?

மழைநாள்:
நடுவில் ஒரு சந்தேகம். வாட்டர்ப்ரூஃப் என்று போட்ட பையில் தண்ணீர் இறங்குமா?

தூசிப்பாதை:
ஜிப் வைத்த பை என்றால் இறங்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தையல் இல்லாமல் ஒட்டிய பை, வாய் சுருட்டி மூடுவது என்றால் பயமில்லை. எதுவானாலும் ஸ்லீப்பிங் பேக்கைத் தனியாக, தண்ணீர் புகாத ஒரு ட்ரை பேக்கில் போடுங்கள்.

மெதுமிதி:
குழாயில் லேசாகக் கீறல் இருக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கை முன்னால் கட்டிவிட்டேன், லிவர் ஒயரைக் கழற்றிவிட்டேன். இப்போது ஆடவில்லை. கிளம்புகிறேன், நன்றி.

ஏழாம்கியர்:
நல்லது. பின் விளக்கைப் பை மறைக்கிறதா பாருங்கள், மறைத்தால் பின் சக்கரத்துக்கு இறங்கும் சட்டக் குழாயில் மாட்டுங்கள். கேரியர் துளை பற்றிச் சொல்லவே இல்லையே?

பழையசெயின்:
வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொல்வார். அல்லது மாட்டார்.

மழைநாள்:
எனக்கும் சீட் பேக் ஆடுகிறது. என்ன பை வாங்கலாம்?

ஏழாம்கியர்:
என்ன சைக்கிள்? ட்ராப்பர் உண்டா?