குடியரசை ஜெர்மன் போதகர்கள் ஏன் வெறுத்தார்கள்?

ஸ்டீபன்:
1933-இல் ஹிட்லரை வரவேற்ற புராட்டஸ்டண்ட் போதகர்களைத் துரோகிகள் என்று சொல்லி எல்லாரும் கதையை முடித்துவிடுகிறார்கள். 1918-இலிருந்து பாருங்கள். ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவில் அரசர்தான் திருச்சபைக்கும் தலைவர். நவம்பரில் அந்த அரசரும் ஜெர்மன் பேரரசருமான கைசர் வில்ஹெல்ம் நாட்டை விட்டுப் போய்க் குடியரசு வந்ததும், சீர்திருத்தக் காலத்திலிருந்து வந்த ஏற்பாடு சில நாட்களில் சரிந்துபோனது. அதே மாதம் கல்வி அமைச்சர் அடால்ஃப் ஹோஃப்மன், பள்ளியில் ஜெபம் கூடாது, சமயப் பாடம் கட்டாயமில்லை என்று ஆணை போட்டார். ரஷ்யாவில் பாதிரிமார் சுடப்படும் செய்தி வேறு வந்துகொண்டிருந்தது. பயப்படாமல் என்ன செய்வார்கள்?

மல்லிகா:
ஸ்டீபன் அண்ணா, பயந்தது உண்மை. ஆனால் ஹோஃப்மன் ஆணை சில வாரங்களில் கிடப்பில் போய்விட்டது. 1919 அரசியலமைப்பு 'அரசுத் திருச்சபை இல்லை' என்றது, சரி. கூடவே எதையெல்லாம் விட்டுவைத்தது? திருச்சபை வரி, பள்ளியில் சமயப் பாடம், பல்கலைக்கழகங்களில் இறையியல் துறை, ஞாயிறு ஓய்வு. திருச்சபைத் தலைவர்களில் ஒருவரான ஓட்டோ டிபேலியுஸ் 1926-இல் எழுதிய புத்தகத்தின் பெயரே 'திருச்சபையின் நூற்றாண்டு'. இத்தனையும் கொடுத்த குடியரசைத்தான் பிரசங்க மேடையிலிருந்து திட்டினார்கள்.

ஜோசப்:
இடையில் ஒன்று. நான் லுத்தரன் சபையில் வளர்ந்தவன். 'எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்' என்ற ரோமர் 13 எங்களுக்கு மனப்பாடம். அந்தப் போதகர்களுக்கும் அப்படித்தானே? கீழ்ப்படிவது அவர்கள் ரத்தத்தில் ஊறியது.

மல்லிகா:
ஜோசப், அந்த வசனம் 1919-க்கும் பொருந்த வேண்டுமே! தேர்தலில் வந்த அரசும் மேலான அதிகாரம்தான். கைசருக்கும் 1933-க்கும் பொருந்திய வசனம் நடுவில் 14 வருடம் எங்கே போயிருந்தது?

ஸ்டீபன்:
தங்கச்சி, சட்டப் புத்தகத்தை வைத்து மட்டும் பார்க்காதீர்கள். போரில் செத்தவர்களின் பெயர்ப் பலகைகள் கோயில் சுவர்களில் தொங்கின. போருக்கு ஜெர்மனியே பொறுப்பு என்று வெர்சாய் ஒப்பந்தம் எழுதி வாங்கியது. பலகைக்குக் கீழே தாய்மார்கள் உட்கார்ந்திருக்கும்போது, உங்கள் பிள்ளை வீணாகச் செத்தான் என்று எந்தப் போதகர் சொல்வார்?

மல்லிகா:
ஒருவர் கிட்டத்தட்ட அதைத்தான் தொட்டார். குந்தர் டேன். பெர்லினில் மோவாபிட் தொழிலாளர் பகுதிப் போதகர். 1928 நவம்பரில் மாக்டபுர்க் நகரத்தின் உல்ரிஷ் கோயிலில் பேசினார். போரில் சாகிறவன் தானும் கொல்லப் போனவன்தான். அதனால் 'தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பு' என்ற வசனத்தை அவன் சாவோடு ஒட்டக் கூடாது என்றார். நினைவுச் சின்னங்களைக் கோயிலில் வைக்காமல் ஊரிடம் விட்டுவிடலாமே என்றும் கேட்டார். செத்தவர்களை அவர் இழிவாகப் பேசவே இல்லை. ஆனாலும் திருச்சபை மேலிடம் அவரைக் கண்டித்தது. 1931-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானபோது நாஜி மாணவர்கள் வகுப்பு நடத்தவிடாமல் கூச்சல் போட்டார்கள். 1933-இல் வேலையும் போனது. வேறு வழி தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது அண்ணா. வழி காட்டியவரைக் கூடவே இருந்தவர்கள் கைவிட்டார்கள்.

ஜோசப்:
டேன் பற்றி இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன். ஆனால் டிபேலியுஸை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். ஹிட்லர் ஆட்சியில் புதிய நாடாளுமன்றம் திறந்த 1933 மார்ச் 21 அன்று போட்ஸ்டாம் நிக்கோலாய் கோயிலில் அவர் எடுத்த வசனம் 'தேவன் நம்முடைய பட்சத்திலிருந்தால்'. 1914-இல் போர் தொடங்கியபோது பெர்லின் பேராலயத்தில் வேறொரு போதகர் பிரசங்கித்த அதே வசனம். கேட்கவே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பிரசங்கத்தில், ஒழுங்கு திரும்பியதும் நீதியும் அன்பும் ஆள வேண்டும் என்றும் சொன்னார்.

மல்லிகா:
சொன்னார். பதினோரே நாளில், ஏப்ரல் 1 அன்று, நாஜிகள் யூதர் கடைகளைப் புறக்கணித்தார்கள். அதை அமெரிக்கர்களுக்கு வானொலியில் நியாயப்படுத்தியவரும் அவரே.

ஸ்டீபன்:
போதகர் மார்ட்டின் நீமோலரையும் சேர்த்துப் பாருங்கள். போரில் நீர்மூழ்கிக் கப்பல் தளபதி, 1924-லேயே நாஜிகளுக்கு வாக்களித்தவர். அவர்தான் 1933 செப்டம்பரில், யூத வம்சாவளிப் போதகர்களை நீக்கும் ஆரியர் விதியை எதிர்த்துப் போதகர்களைத் திரட்டினார். 1937-இல் கைதாகி 1945 வரை சிறையிலும் முகாம்களிலும் இருந்தார். மனிதர்கள் மாறினார்கள்.

மல்லிகா:
அவரை மதிக்கிறேன் அண்ணா. ஆனால் அந்த எதிர்ப்பு திருச்சபைக்கு உள்ளே இருந்தவர்களுக்காக. திருச்சபையில் நாஜித் தலையீட்டை எதிர்த்தவர்கள் 1934 மே மாதம் பார்மன் நகரத்தில் வெளியிட்ட அறிக்கையை ஆறு கூற்றுகளும் முடியும்வரை படித்துப் பாருங்கள். வெளியே அடிபட்டுக்கொண்டிருந்த யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஸ்டீபன்:
பார்மனில் அது இல்லை, ஒப்புக்கொள்கிறேன். டேன் விஷயத்திலும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் 1928-இல் மகனைப் பறிகொடுத்த தகப்பனாக அந்த உல்ரிஷ் கோயிலில் நான் உட்கார்ந்திருந்தால், பாதியில் எழுந்து போயிருப்பேன்.